ஞாயிறுதோறும் அழிந்த குரல்

லேத்தில் சுழலும் இரும்பின்மேல் எண்ணெய் கருகும் வாடை எங்கே வந்தாலும், நகரப் பேருந்தில், மழைக்கு ஒதுங்கிய கடையோரத்தில், யாரோ ஒருவரின் சட்டையில், நான் அடுகோடிக்குப் போய்விடுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்திலிருந்து அடுத்த மழைக்காலம் வரை, ஞாயிறுதோறும் அங்கே ஒரு பட்டறையில் நான் இன்னொருவராக இருந்தேன்.

அதுதான் பிழைப்பு. என் கவிதைகளை யாரும் கேட்கவில்லை. கல்யாண வாழ்த்து மடல் கேட்டார்கள், மணிவிழா மலர் கேட்டார்கள், வசதி வந்த பிறகு வாழ்க்கை வரலாறு கேட்டார்கள். ஒக்கலிபுரத்தில் அச்சகம் வைத்திருந்த நண்பர் ஆள் பிடித்துத் தருவார். அட்டையில் அவர்கள் பெயர் இருக்கும். நன்றியுரையில்கூட என் பெயர் வராது.

பட்டறைக்காரர் அறுபதைத் தாண்டியவர். மாநில எல்லை தாண்டிக் கூலிக்கு வந்து சொந்தமாக லேத் போட்டவர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "நான் பேசறேன், நீ எழுது தம்பி. ஆனா நானே எழுதினதாத்தான் இருக்கணும். நாளைக்கு டேப்பு எவன் கையிலயாவது சிக்குச்சுன்னா மானம் போயிரும்."

ஆகவே எங்களுக்கு ஒரே ஒரு கேசட். அவர் பேசுவார், நான் பதிவேன். வாரமெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதுவேன். அடுத்த ஞாயிறு வாசித்துக் காட்டுவேன். அவர் தலையாட்டியதும் கேசட்டை முதலுக்குச் சுற்றி, அதன்மேலேயே அடுத்த கதையைப் பதிவோம். ஒவ்வொரு வாரமும் போன வாரத்து மனிதர் அழிந்துகொண்டே வந்தார். அப்போது அது எனக்கு ஒரு வேலைமுறை, அவ்வளவுதான்.

பிழைக்க வந்த முதல் இரவு கன்டோன்மென்ட் ரயிலடியில் படுத்திருந்ததைச் சொல்லியிருந்தார். நான் அதில் ஒரு நிலாவை வைத்தேன். கண்ணை மூடிக் கேட்டவர் சிரித்தார். "நிலாவெல்லாம் நான் பாக்கல தம்பி, மூட்டப்பூச்சிதான் பாத்தேன். சரி, இருந்துட்டுப் போவுது. நல்லாத்தான் கீது."

இந்தப் புத்தகம் எதற்கென்று எனக்குத் தெரியவந்தபோது பாதி எழுதி முடித்திருந்தோம். ஒரே மகள். வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. கூட வேலை செய்தவனைத் தானே கட்டிக்கொண்டாள். வேற்று மதம். கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. ஒரு மத்தியானம் அவள் பட்டறைக்கு வந்தபோது, வேலையாட்கள் பார்க்கப் பார்க்க ஷட்டரை இழுத்து இறக்கினார். மூன்று வருஷமாகப் பேச்சில்லை. தப்பு தன்மேல்தான் என்று நேரில் போய்ச் சொல்ல வாய் வராது, புத்தகமாய்ப் போனால் படிப்பாள் என்று நினைத்தார். மற்ற அத்தியாயங்களெல்லாம் அந்த மத்தியானத்தைச் சொல்லும் ஒரு பக்கத்தைச் சுமந்துபோகக் கட்டிய வண்டிதான்.

அதைப் பதிந்த ஞாயிறு அவர் பேசியது கொஞ்சம். டேப் ஓடியதுதான் அதிகம். நான் அதை வீட்டுக்கு எடுத்துப்போய், என்னிடமிருந்த அழகையெல்லாம் கொட்டி எழுதினேன். இறங்கிய இரும்புக் கதவின் இந்தப் பக்கம் தானே சிறைப்பட்ட தகப்பனைப் பற்றி, வெளியே கரைந்துபோன காலடிகளைப் பற்றி. அடுத்த ஞாயிறு வாசித்துக் காட்டினேன். "நான் இவ்ளோ நல்லாவா சொன்னேன்?" என்றார். பிறகு கேசட்டைத் தன் கையாலேயே சுற்றிவிட்டு, முதல் லேத் வாங்கிய கதையை அதன்மேல் சொன்னார்.

புத்தகம் வந்தது. அட்டையில் பட்டறையின் படம். முதல் பக்கத்தில் மகளின் பெயரெழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார். பதில் இல்லை. நான் போகும்போதெல்லாம், படித்திருப்பாளா என்று என்னைக் கேட்பார். படித்திருப்பார் ஐயா என்பேன். பின்னர் அந்தக் கேள்வியும் நின்றது. "படிச்சும் மனசு எறங்கல போல," என்றார் ஒருநாள், மிஷினைத் துடைத்துக்கொண்டே. அடுத்த மழைக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்தபின், அச்சகத்தில் விசாரித்துக்கொண்டு மகள் என் அறைக்கு வந்தாள். கையில் அந்தப் புத்தகம், புதுக்கருக்குக் கலையாமல்.

"எனக்குத் தமிழ் பேசத்தான் வரும்ணா. ஸ்கூல்ல கன்னடமும் இங்கிலீஷும்தான். பட்டறை போட்டோ இருந்திச்சா, அப்பா அவரோட பெருமைய எழுதியிருக்காருன்னு நெனச்சிட்டேன். என்னப் பத்தி எதுனா இருக்காண்ணா?"

ஒரு வருஷம் எழுதினோம். அவள் எந்த எழுத்தைப் படிப்பாள் என்று எனக்கும் கேட்கத் தோன்றவில்லை, பெற்றவருக்கும் தோன்றவில்லை. வீட்டில் தமிழ் பேசிய பிள்ளை தமிழ் படிக்கும் என்றே இருந்துவிட்டோம்.

அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். குனிந்த தலை நிமிராமல் கேட்டாள். நல்லா இருக்கு என்றாள், மரியாதைக்கு. ஆனால் அப்பா இப்படிப் பேசவே மாட்டாரே என்றாள். அவர் பேசியதை டேப்பில் பதிந்துதான் எழுதினேன் என்றேன். அந்த டேப் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லி, ஏன் இல்லை என்றும் சொன்னேன். காலில் செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசலில் நின்று, அவர் உண்மையில் என்னதான் சொன்னார் என்று கேட்டாள்.

தேடினேன். என் வாக்கியங்கள்தான் வந்தன. ஒவ்வொன்றும் மனப்பாடம். அவற்றுக்கு அடியில் அவருடைய குரலைத் துழாவித் துழாவி, ரொம்பச் சாதாரணமாக இருக்கிறதென்று நான் புத்தகத்தில் சேர்க்காமல் விட்ட ஒன்றே ஒன்று கையில் தட்டுப்பட்டது.

"‘அந்த வெயில்ல வந்தா, தண்ணிகூடக் குடிக்காம போயிட்டா’ன்னு சொன்னாரும்மா."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"குடிச்சேண்ணா. எதிர் டீக்கடையில வாங்கிக் குடிச்சிட்டுத்தான் போனேன்."