பாலத்துக்கு இந்தப் பக்கம்

என் கணவர் கிண்ணியாப் பாலத்தில் லொறி மோதிச் செத்துப்போனார். அதன்பிறகு அந்தப் பாலத்தைக் கடக்க என்னால் முடியவில்லை. மூதூரில் இருக்கும் என் ஒரே தங்கச்சி வீட்டுக்கு அதைக் கடந்துதான் போகவேண்டும். பஸ் பாலத்தை நெருங்கும்போதே மூச்சடைக்கும், கைகால் விறைக்கும், இறங்கிவிடுவேன்.

ஓர்ஸ் ஹில்லில் மன ஆலோசனை சொல்கிற ஒரு பிள்ளை என் போனில் சில ஒலிப்பதிவுகளை ஏற்றித் தந்தாள். வீட்டிலிருந்தபடி நானாகவே கட்டம் கட்டமாகச் செய்யவேண்டிய பயிற்சி. முதலில் மூச்சைக் கவனிப்பது. பிறகு உடம்பில் பயம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. பிறகு அவரைப் பற்றிய சின்ன நினைவு ஒன்று. கடைசியில்தான் பாலம்.

"அவசரப்படாதேங்கோ அன்ரி. ஏலாட்டி நிப்பாட்டுங்கோ. முந்தின கட்டத்துக்குத் திரும்பிப் போனாலும் பிழையில்லை," என்றாள்.

ஓம் ஓம் என்று தலையாட்டினேன். ஆனால் நான் சின்ன வயதிலிருந்தே கந்தசஷ்டி பிடிக்கிறவள். தொடங்கிய விரதத்தை இடையில் விட்டால் தெய்வக் குற்றம் என்று வளர்ந்த உடம்பு இது. தங்கச்சி வேறு பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருந்தாள். பாலையூற்றில் இருக்கும் என் வீட்டில் காலையில் குளித்து, விளக்கேற்றி, போனைச் சுவாமி படத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாப்பாட்டையும் ஒருநேரமாக்கினேன். மூச்சுக் கட்டத்திலேயே நெஞ்சு படபடத்தது, நிறுத்தவில்லை. சின்ன நினைவுக்கு, அவர் குசினிக்குள் வந்து கறிச்சட்டியைத் திறந்து பார்ப்பதை நினைத்தேன். மூடியைப் பிடித்த கை, ஆஸ்பத்திரியில் நான் பார்த்த நசிந்த கையாக மாறியது. அப்போதும் நிறுத்தவில்லை. விரதம் முடிக்கிற பாறணைக்கு அவசரப்படுகிறவள் மாதிரி அடுத்ததற்குத் தாவினேன்.

பாலக் கட்டத்தில் மயங்கி விழுந்தேன். பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் தெளித்து எழுப்பினாள். அதன்பிறகு பாலம் வரைக்கும் போகத் தேவையில்லை, பஸ்ஸைக் கண்டாலே வீட்டுக்குத் திரும்பி நடக்கத் தொடங்கினேன். இவ்வளவு சிரத்தையாக நான் வேறு எதையும் கெடுத்ததில்லை.

"இது விரதமில்லை அன்ரி," என்றாள் ஆலோசனைப் பிள்ளை. "திரும்ப மூச்சிலயிருந்து தொடங்குவம்."

அவள் கோபிக்கவில்லை. எனக்குத்தான் அவளில் கோபம் வந்தது.

தங்கச்சிக்கு மகன் பிறந்தான். போனில் பார்த்தேன். அவன் குப்புறப் புரண்டதையும் போனில்தான் பார்த்தேன். பிறகு பல் முளைத்தது. முதற்பல்லுக்குக் கொழுக்கட்டை அவித்துப் பிள்ளையின் தலையில் கொட்டுவது எங்கள் வழக்கம்.

"அக்கா, நீங்கள் வந்து கொட்டுங்கோ. உங்களுக்காகத்தான் தள்ளிப்போட்டனான்," என்றாள் தங்கச்சி. புருஷனை இழந்தவள் நல்ல காரியத்தில் முன்நிற்கலாமா என்று முணுமுணுக்க அங்கே ஆட்கள் இருந்தார்கள். அவள் அவர்களையெல்லாம் வாயடைக்க வைத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டாள்.

"ஓம், வாறன்," என்றேன்.

கொழுக்கட்டை அவித்தேன். தேங்காயைப் பல்லுப்பல்லாகக் கீறி ஒவ்வொன்றிலும் குத்தினேன். பக்கத்து வீட்டுக்காரியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் மூச்சைக் கவனித்தேன். பாலம் தெரிந்ததும் கவனிக்க மூச்சே இல்லை. இறங்கிவிட்டேன். அவளும் எழும்பப் பார்த்தாள். பாத்திரத்தை அவள் மடியில் வைத்துவிட்டுத்தான் இறங்கியிருந்தேன்.

"நீங்கள் போங்கோ," என்று ஜன்னலுக்குக் கீழே நின்று சொன்னேன். "பிள்ளை பாத்துக்கொண்டிருக்குது."

பின்னேரம் வீடியோ வந்தது. என் கொழுக்கட்டைகள் அவன் தலையில் விழுந்து பாயில் உருள்கின்றன. அவன் சிரிக்கிறான். கொட்டுகிற கை பக்கத்து வீட்டுக்காரியுடையது. தங்கச்சி போனைப் பிடித்தபடி, "பெரியம்மாவைப் பார், பெரியம்மாவைப் பார்," என்று அவனுக்குச் சொல்கிறாள். அவன் அந்தக் கைக்காரியைத்தான் பார்க்கிறான்.