வெள்ளை வயரில் தமிழ் எழுத்து

வயர்கள் அத்தனையும் வெள்ளை. அதைப் பார்த்ததுமே எனக்கு அந்த ஆள்மேல் சந்தேகம் விழுந்துவிட்டது.

என் கணவர் எண்ணெய்ப்பனை ஆலையில் மெக்கானிக். விமானம் ஓட்டும் லைசென்ஸ் எடுத்து, இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றைப் பாகம் பாகமாக வரவழைத்து, செமிலிங் பக்கம் ஒரு வாடகைக் கொட்டகையில் பொருத்திக்கொண்டிருந்தார். வயரிங் என் பொறுப்பு. சுங்கை பட்டாணியில் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் வயர் கட்டியவள் நான். சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ். நிறம் பொய் சொல்லாது. ஆனால் வயர் வாங்கி வந்தது அவருடைய நண்பர், பாலிங்கில் கார் ஏர்கோன் பட்டறை வைத்திருப்பவர்.

“ஏரோப்ளேன்ல எல்லாம் வெள்ளைதான் அண்ணி. லேபலப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும்லா.”

எங்கோ மிஞ்சிய சுருளை எங்கள் தலையில் கட்டிவிட்டார் என்றே நினைத்தேன். ஒரு துண்டை வெட்டி லைட்டரில் காட்டினேன். மட்டமான வயர் என்றால் உருகியிருக்கும், இது உருகவில்லை. அப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை.

போதாக்குறைக்கு அந்த நண்பர் கை சும்மா இருக்காது. எந்த வயரைக் கண்டாலும் தொட்டுப் பார்ப்பார், இழுத்துப் பார்ப்பார். லேபலை மாற்றி மாட்டித் தொலைத்தால்? வானத்தில் இருக்கப்போவது என் புருஷன் அல்லவா! அதனால் லேபல்களைத் தமிழில் எழுதினேன். அந்த மனுஷர் படித்தது மலாய்ப் பள்ளியில். தமிழை வாய் நிறையப் பேசுவார், ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இறக்கைக்கு ஒன்றாக இரண்டு பெட்ரோல் தொட்டி. எதில் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட, ஓட்டுபவருக்கு முன்னால் இரண்டு மீட்டர். இது மாறிப்போனால், காலியான தொட்டியை நிறைந்தது என்று நம்பி, பெட்ரோல் வால்வை அந்தப் பக்கம் திருப்புவார். பனைமரங்களுக்கு மேலே இன்ஜின் நின்றுவிடும். எங்கள் வீட்டில் இடது, வலது என்று யார் சொல்கிறார்கள்? மலாய்க்காரர்போல கிரி, கனான்தான். இடதுக்கு ‘கி’, வலதுக்கு ‘க’ என்று சின்னப் பிளாஸ்டிக் குழாய்களில் மார்க்கரால் எழுதி, வயரில் மாட்டி, சூடு காட்டிச் சுருக்கினேன்.

மறுநாள் நண்பர் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “அண்ணி, ரெண்டும் ஒரே எழுத்தா?”

“படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு வேற வேறதான்” என்றேன் வெடுக்கென்று.

நான் டீ வாங்கிவிட்டு வருவதற்குள் ஒரு வயரில் மஞ்சள் டேப்பு ஏறியிருந்தது. “இதான் கிரி அண்ணி. இறக்கையிலேருந்து இழுத்துப் பார்த்துட்டேன்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வேலையைச் சோதிக்க இவர் யார்? அவர் கிளம்பியதும் டேப்பை உரித்து எறிந்தேன். கையில் வந்த முதல் வயரில் ‘க’ தெரிந்தது. கனான் மீட்டரில் மாட்டினேன். மிச்சம் இருப்பது கிரிதானே என்று மற்றதைப் படிக்கக்கூட இல்லை.

முதல் பறப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது பெட்ரோல் ஊற்றினார்கள். என் கணவர் இரண்டு தொட்டியையும் நிரப்பப் போனார். “ஒரு பக்கம் மட்டும் ஊத்துங்கண்ணே, முள்ளப் பார்ப்போம்” என்றார் நண்பர். என்னை மாட்டவைக்கத்தான் இந்த வேலை என்று அதற்கும் ஒரு கணக்குப் போட்டேன். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்.

இடது தொட்டியில் ஊற்றினார்கள். வலது மீட்டரின் முள் ஏறியது.

“டேய், நீதானடா டேப்பு கீப்புன்னு கைய வெச்ச?” என் கணவர் நண்பர்மேல் பாய்ந்தார். “அவ அப்பவே சொன்னா, உன் கை சும்மா இருக்காதுன்னு!”

நண்பர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி அவரோடு போய்விடும். அந்த ஆசை வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

டார்ச்சை அடித்துக் குனிந்தேன். வலது மீட்டரில் இருந்த வயரில் டேப்பு உரித்த பிசின் கையில் ஒட்டியது. குழாயைத் திருப்பினேன். சுருங்கியபோது ‘கி’யின் கொக்கி வயரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போயிருந்தது. முன்னால் தெரிந்தது வெறும் ‘க’. அட கடவுளே, நான் எழுதியதை நானே படிக்கவில்லை.

“நான்தாங்க” என்றேன். “அவர் சரியாத்தான் ஒட்டியிருந்தாரு. நான் உரிச்சிட்டேன்.”

என் கணவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நண்பரின் தோளில் கை வைத்து, “வாடா, எல்லா வயரையும் நீ ஒரு தடவ பாரு” என்றார்.

அவர் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, “அண்ணி, இதுல என்னா எழுதியிருக்கீங்க?” என்று கேட்டார். ஐம்பதுக்கு மேல் இருந்தன. பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் வாசித்துக் காட்டினேன். அவர் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் அழுதிருக்க மாட்டேன்.