கதவில் இல்லை கோளாறு

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். சிங்கப்பூர் தேக்காவில் மீன்கடை, ஐந்து வேன், எல்லாம் யார் தயவும் இல்லாமல் உண்டாக்கியவை. இன்று ஒரு வேனின் கதவு கரகரத்து, மூடிக்கொள்ள மறுக்கிறது. என் மகன் மூன்றாவது தடவையாகக் கீலை மாற்றச் சொல்கிறான்.

அதே கரகரப்பு அந்தக் காலத்தில் என் அப்பாவின் மீன் வேன் கதவிலும் கேட்டது. ஐஸ் தண்ணீர் ஒழுகாதிருக்க, அவர் வேனின் தரையில் விரிப்பின் மேல் விரிப்பாகப் போட்டார். உப்பு ஈரம் அடியிலேயே தங்கியது. சிறுவனான நான் விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். துரு தின்ற ஓட்டையில் சாலை தெரிந்தது.

“அப்பா, கதவு நல்லாத்தான் இருக்கு. அடி துருப்பிடிச்சு வண்டிதான் நடுவுல தொங்குது, அதான் கதவு பொருந்தல!”

“போடா, பெரிய இன்ஜினியர்!”

மறுநாள் மெக்கானிக்கிடம், அதைத் தானே கண்டுபிடித்ததாக அப்பா சொன்னார்.

இப்போது மகன் வேனில் போட்டிருந்த விரிப்பையும் தூக்கினேன். தகரம் விரல் பட்டதும் உதிர்ந்தது. “கோளாறு கதவுல இல்ல, அடியிலதான்,” என்றேன்.

“நானும் அப்படித்தான் நினைச்சேன் லா,” என்கிறான்.

நினைத்தானாம்! அது நான் கண்டுபிடித்ததல்லவா என்று அன்று அப்பாவிடம் கேட்கத் துணியவில்லை. இவன் பட்டறைக்காரரிடம் என் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும்.