பேன் மருந்தும் விடுதிச் சித்தியும்

பெண்கள் விடுதியில் துணி துவைப்பது முதல் தலைவாரிவிடுவது வரை எல்லாம் அவள் பொறுப்பு. பிள்ளைகள் வாய்நிறைய 'சித்தி' என்பார்கள்.

விடுமுறை முடிந்து எல்லோரும் திரும்பிய வாரம் பேன் தொல்லை தலைவிரித்தாடியது. சித்தி வழக்கமான மருந்தைத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். அரிப்பு நிற்கவில்லை. மறுபடி தேய்த்தும் அதே கதைதான். ஒரு பிள்ளையின் அம்மா வந்து சண்டை போட்டுவிட்டுப் போனபின், வார்டனம்மா சித்தியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மருந்துல தண்ணி கலந்தீங்களா?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்.

சித்திக்குச் சுருக்கென்றது. நேரே பிள்ளைகளிடம் போய், நாலைந்து பேனைப் பிடித்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, மூடி திறக்காத மருந்துப் புட்டி ஒன்றோடு திரும்பினாள். வார்டனம்மாவையே புட்டியைத் திறந்து ஒரு துணியை நனைக்கச் சொன்னாள். பேன்களை அதன்மேல் விட்டார்கள். மேசையில் இருந்த டீ ஆறி ஆடை படிந்தது. பேன்கள் பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருந்தன.

வார்டனம்மாவின் அண்ணி ஒரு கல்லூரியில் பூச்சிகளை ஆராய்பவர். பேன்கள் அவரிடம் போயின. சில வாரம் கழித்து அவர் போனில் சித்தியிடமே விளக்கினார். அந்த மருந்து பேனின் நரம்பில் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டுதான் அதைக் கொல்லும். இந்தப் பேன்களின் மரபணுவில் ஒரு சின்ன மாற்றம். அதனால் அந்த இடமே உருமாறிப்போய், மருந்து ஒட்டுவதில்லை.

"மருந்து அதுங்களை மாத்தல. ஒண்ணு ரெண்டு அப்படியே பிறந்திருக்கும். மத்ததெல்லாம் மருந்துல செத்துச்சு, இதுங்க பிழைச்சுப் பெருகிடுச்சு."

"அப்ப நான்தான் தேய்ச்சுத் தேய்ச்சு வளர்த்துவிட்டேனா?"

"நீங்க மட்டுமா? ஊரே சேர்ந்து வளர்த்தது."

அந்த மருந்தை நிறுத்திவிட்டு, தலையை நனைத்துப் பேன் சீப்பால் விடாமல் வாரச் சொன்னார் அண்ணி. சித்தி தாழ்வாரத்தில் பெஞ்சைப் போட்டு உட்கார்ந்தாள். பிள்ளைகள் சிணுங்கினார்கள், நழுவப் பார்த்தார்கள். அவள் விடவில்லை. கை கடுத்தது. ஆனாலும் தலைகள் ஒவ்வொன்றாகச் சுத்தமாயின.

அவள் மனசில் மட்டும் அந்தத் தண்ணீர்ப் பேச்சு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு மதியம் வார்டனம்மா அவள் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"அன்னிக்குத் தப்பாப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க." கொஞ்சம் தயங்கிக் கொண்டையை அவிழ்த்தார். "எனக்கும் கொஞ்சம் பாருங்க."

சித்தி நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டாள். காதோரமெல்லாம் ஈர்.

"இதுங்களும் அதே வம்சம்தான்" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.