கால்வாய்க்கரை வீட்டில் ஒரு பகல்

மூன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும், நாங்கள் கால்வாய்க்கரை வீட்டில் குடியிருந்தோம்.

ஏற்காடு ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர் ஓர் ஓடையாகக் கிளியூர்ப் பக்கம் இறங்கிப் போகும். வழியில் அது அகன்று சதுப்பாகக் கிடந்த ஓர் இடத்தை ஒரு முதலாளி வாங்கி, இரண்டு கரையிலும் கல் பதித்து, கால்வாய் என்று பெயர் வைத்தார். கரையோரம் வரிசையாக வீடுகள் வரப்போகின்றன என்று பெரிய பலகை நின்றது. 'தண்ணீரோடு வாழுங்கள்' என்று அதில் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, நாம் மட்டும் தண்ணீர் இல்லாமலா வாழ்கிறோம் என்று அப்பாவிடம் கேட்டேன்.

சித்தப்பா அங்கே சூப்பர்வைசர். எங்கள் குடும்பத்தில் காப்பி எஸ்டேட்டுக்கு வெளியே வேலைக்குப் போன முதல் ஆள் அவர்தான். அந்த வேலையைச் சொல்லித்தான் அவருக்கு ஒரு பெண்ணைப் பேசிவைத்திருந்தார்கள். அங்கே அதுவரை கட்டி முடிந்தது ஒரே வீடு. கோடையில் வீடு வாங்குகிறவர்கள் பார்க்க வருவார்கள், பூட்டிக் கிடந்தால் நன்றாக இருக்காது, ஒரு குடும்பத்தைக் குடிவைத்துக் காட்டு என்று முதலாளி சொல்லிவிட்டாராம். சித்தப்பா நேராக எங்களிடம் வந்தார்.

"ஒரு பகலுக்குத்தானுங்க அண்ணி. சும்மா உக்காந்திருந்தாப் போதும்."

"நம்முளுது இல்லாத ஊட்டுல நான் எப்படிங்க தம்பி ஊட்டுக்காரியாட்டம் உக்காருவேன்?" என்றாள் அம்மா.

"என் வேலை அண்ணி" என்று மட்டும் சொல்லி, சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா கல்யாணப் புடவையை எடுத்து வெயிலில் போட்டாள்.

அந்த வீட்டை நான் இன்றும் கண்ணை மூடிக்கொண்டு சுற்றி வருவேன். கால்வாயைப் பார்த்த முகப்பில் ஓர் ஊஞ்சல். கீழே தண்ணீரில் கட்டிப்போட்ட ஒரு சின்னப் படகு. மேசைமேல் பிளாஸ்டிக் ஆப்பிள்கள். உள்ளே ஒன்றுமில்லாத ஒரு ஃபிரிட்ஜ். திறந்தால் விளக்கு எரியும், நான் திறந்துகொண்டே இருந்தேன். கோடையில் ஓடை மெலிந்துவிடும் என்பதால் கீழே மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரைத் தேக்கியிருந்தார்கள். கால்வாய் ததும்பி நின்றது.

சித்தப்பா அப்பாவுக்குத் தன் பேன்ட்டைக் கொடுத்திருந்தார். வருகிறவர்கள் பெரிய இடம், வார்த்தைக்கு வார்த்தை 'ஏனுங்க' என்று இழுக்கக் கூடாது என்றும் சொல்லிவைத்திருந்தார். அது இல்லாமல் ஒரு வாக்கியத்தை எப்படித் தொடங்குவதென்று அப்பாவுக்குத் தெரியாது. அன்று முழுக்க அவர் வாயே திறக்காமல் ஒரு செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குச் சும்மா உட்கார வராது. வீட்டைப் பெருக்க ஆரம்பித்தாள். இந்த மாதிரி வீட்டுக்காரர்கள் தாங்களே பெருக்க மாட்டார்கள் என்று சித்தப்பா துடைப்பத்தை வாங்கி ஒளித்துவைத்தார்.

மத்தியானத்துக்கு மேல் இரண்டு மூன்று கார்களில் ஆட்கள் வந்தார்கள். அவர்களில் சேலத்திலிருந்து வந்த வயதான கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவரை முதலாளி கரையோரமாக நடத்திக்கொண்டு போனார். அந்த அம்மாள் மட்டும் ஊஞ்சலில் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அவருக்கு மூச்சு எளைக்கும், ஈரம் சேராது. ஆனாலும் இருக்கற ஊட்ட வித்துட்டு இங்கயே வந்தரலாம்னு நொம்ப ஆசைப்படறாரு. நீ இங்க இருக்கறவ, நீ சொல்லு கண்ணு. மழைக்காலத்துல எப்படி இருக்கும்?"

அம்மா வாசலில் நின்ற சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் எங்களைப் பார்த்துத்தான் நின்றுகொண்டிருந்தார். பிறகு கால்வாயைப் பார்த்தாள்.

"ஐப்பசியில ஒருக்கா வாங்கம்மா" என்றாள். "வந்து கண்ணுல பாத்துப்போட்டு, அப்பறமா எதுன்னாலும் செய்யுங்க."

அந்த அம்மாள் அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். களை வெட்டிக் காய்த்துப்போன உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது, "ஐப்பசியில வர்றோம்" என்றார்.

அன்று அவர்கள் முன்பணம் கொடுக்காமல் கிளம்பினார்கள். மற்றவர்களும் யோசித்துச் சொல்கிறோம் என்று காரில் ஏறிவிட்டார்கள். குடிவைத்த குடும்பம் என்ன பேசியது என்பது முதலாளியின் காதுக்கு எப்படியோ போயிருக்கிறது. சாயங்காலம் சித்தப்பா எஸ்டேட்டில் எங்களுக்குக் கொடுத்திருந்த லைன் வீட்டுக்கு வந்தார். மறுநாளிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"நல்லாருக்குமுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க அண்ணி."

"நான் வாங்கன்னுதானுங்க தம்பி சொன்னேன்."

"நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க" என்றார் அவர். தட்டில் போட்டுவைத்த சோற்றைத் தொடாமல் போய்விட்டார். அப்பா இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். யார் பக்கம் பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை. விருந்தாளியை வா என்று அழைத்ததற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று எனக்கும் புரியவில்லை. சித்தப்பா சேலத்துக்குப் போய் ஒரு லாரி ஷெட்டில் சேர்ந்தார். பேசிவைத்திருந்த பெண் வீட்டார் பின்வாங்கினார்கள். அம்மா அதைக் கேட்ட அன்று அடுப்பைப் பற்றவைக்காமல் வெகுநேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

ஐப்பசி மழை அந்த வருடமும் வழக்கம்போலத்தான் பெய்தது. தீபாவளிக்குச் சித்தப்பா வந்தார், ஆனால் அம்மாவிடம் பேச்சில்லை. டவுனுக்குப் போய்விட்டு எல்லோரும் திரும்பி வரும்போது கால்வாய்க்கரைக்கு மேலே ரோட்டில் நின்றார். பதித்த கல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. கலங்கிய தண்ணீர் படியேறி, முகப்பைத் தாண்டி, அந்த வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஊஞ்சலின் சங்கிலி மட்டும் தெரிந்தது. சித்தப்பா நனைந்துகொண்டே வெகுநேரம் பார்த்தார்.

"அந்தச் சேலத்துக்காரங்க வந்தாங்களா அண்ணி?"

"போன வாரம் வந்தாங்க. இங்கயே காரை நிறுத்திப் பாத்துப்போட்டுப் போயிட்டாங்க. நான் வேலை முடிஞ்சு வாரப்ப பாத்தேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. அத்தனை தூரம் கூப்பிட்டு, வந்தவர்களை ரோட்டோடு அனுப்பியிருக்கிறாள்.

"ஏம்மா, வந்தவங்களுக்கு ஒரு காப்பித்தண்ணிகூடக் குடுக்கலியா?"

சித்தப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மாவின் கஞ்சத்தனத்தை நான் எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டதால்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, வீடு வரும்வரை எனக்குப் பெருமையாக இருந்தது.