மும்மூர்த்தி மாத்திரை

வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மாத்திரைகள் உருளும் "கிலுக் கிலுக்" சத்தமும், அதன் பின்னாலேயே வரும் கற்பூர வாசனையும் என் மனதில் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டுவிட்டன. இன்றைக்கும் எந்தக் கோயிலில் தீபாராதனை காட்டினாலும், கண்ணை மூடியதும் எனக்கு முதலில் கேட்பது மணியோசை இல்லை, அந்த டப்பாவின் சத்தம்தான். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். அவன் பக்கத்திலேயே பல மாதம் அந்த டப்பா உட்கார்ந்திருந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பெங்களூரில் பொம்மசந்திரா கம்பெனிகளுக்குப் பின்னால், ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு வீடுகளும் நடுவில் ஒரு குழாயும் இருக்கும் "வட்டாரம்" ஒன்றில் குடியிருந்தோம். அப்பா தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர், இங்கே ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். அந்த வருஷம்தான் அம்மாவின் தங்கை செல்வி சித்தி ஒரு ரெக்ஸின் பையோடும், தனக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளரோடும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சித்தப்பா மாதக்கணக்கில் காய்ச்சலில் உருகிப் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்கு இருந்தது எச்.ஐ.வி. என்றும், சித்திக்கும் அது தொற்றியிருக்கிறது என்றும் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. மாமியார் வீட்டில் "புருஷனை முழுங்கினவ" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கொண்டுவந்த தட்டைச் சித்தி தனியாகக் கழுவித் தனியாகக் கவிழ்த்து வைப்பாள். மூன்றாம் நாளே அம்மா அதை எடுத்து எங்கள் தட்டுகளோடு கலந்துவிட்டாள்.

"அக்கா, என் தட்டு எங்கக்கா?"

"எல்லாம் உன் தட்டுதான். எதுலயாவது போட்டுத் தின்னு."

சேர்ந்து சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று ஆஸ்பத்திரி மேடம் சொல்லியிருந்தார். அம்மா ஐந்தாவது வரைதான் படித்தவள். ஆனால் ஆஸ்பத்திரியில் ஒருவர் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னால், அதைப் புராணம் கேட்பதுபோல் வரி விடாமல் வாங்கிக்கொள்வாள்.

அந்த நோய்க்கான மாத்திரையை அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியிருந்த புதிது அது. அதற்கு முந்தி வசதி உள்ளவர்களுக்கு மட்டும்தான் அது எட்டுமாம், அதுவும் கை நிறைய மாத்திரை விழுங்க வேண்டுமாம். சித்திக்குக் கிடைத்ததோ மூன்று மருந்தையும் ஒன்றாக அடைத்த ஒரே மாத்திரை. காலை எட்டுக்கு ஒன்று, ராத்திரி எட்டுக்கு ஒன்று, நேரம் தவறக்கூடாது. மூன்றும் ஒன்றுக்குள் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டதும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாளாம். அன்று முதல் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "மும்மூர்த்தி". மும்மூர்த்தியைக் கண்ட இடத்தில் வைக்க முடியுமா? ஹாலில் இருந்த சாமி அலமாரியில், முருகன் படத்துக்கும் விபூதித் தட்டுக்கும் நடுவில் டப்பாவுக்கு இடம் கிடைத்தது. காலையில் எட்டு மணிக்குப் பூஜை, சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கு, அது போதாதென்று மாத்திரைக்காகவே எட்டு மணிக்கு மறுபடி ஒரு கற்பூரம். அம்மா டப்பாவைக் குலுக்கி, ஒன்றைச் சித்தியின் உள்ளங்கையில் தீர்த்தம் மாதிரி விடுவாள். சித்தி விழுங்கிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள்.

"பிரம்மா எறங்கிட்டாரு கண்ணு. விஷ்ணு பாதி வழியில நிக்கறாரு. சிவன்தான் தொண்டையில மாட்டிக்கிட்டாரு, இன்னொரு வாய் தண்ணி குடு."

"சாமிய கேலி பண்ணாதடி!" என்று அம்மா அதட்டுவாள், அப்புறம் தானே சிரித்துவிடுவாள்.

வட்டாரத்தில் யாராவது கேட்டால் "சக்கரை மாத்திரை" என்று சொல்ல எனக்குப் பழக்கியிருந்தார்கள். சித்திக்கு உள்ளங்கால் எரியும். மாத்திரையால்தான் அந்த எரிச்சல் என்று பின்னால் தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்த கார்மென்ட்ஸ் கம்பெனியில் நாள் முழுக்கத் தையல் மிஷினை மிதித்துவிட்டு வந்து, ஈரச் சாக்கின் மேல் காலை வைத்தபடி எனக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வாள். ஆனாலும் வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தவள் நாளாக நாளாகத் தேறினாள், வாய் ஓயாமல் பேசினாள். சாகப்போகிறவள் என்று ஊரே முடிவுகட்டியவள் எங்கள் வீட்டில் எனக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் தங்கவயலில் பெரியப்பா, அப்பாவின் அண்ணன், காலமானார். விடியற்காலை ஆறு மணிக்கு எதிர் வீட்டு ஆன்ட்டியின் போனுக்குச் சேதி வந்தது. அப்பாவும் அம்மாவும் அலறி அடித்துக்கொண்டு கிளம்பினார்கள். எனக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்ததால் சித்தியோடு விட்டுப்போனார்கள். பங்காளி சாவு என்றால் எங்களில் பதினாறு நாள் தீட்டு, விளக்கேற்றக்கூடாது, சாமியைத் தொடக்கூடாது. போகிற அவசரத்தில் அம்மா அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை எடுத்து அலமாரிக்குத் திரையாகக் கட்டி, "பதினாறு நாளைக்கு யாரும் இதைத் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டு ஓடினாள். மணி அப்போது ஆறே முக்கால். உள்ளே மும்மூர்த்தியும் சேர்ந்து அடைபட்டது அவள் புத்தியில் ஏறவில்லை.

எட்டு மணி ஆனது. சித்தி அந்த வேட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். கை பாதி தூரம் போனது, திரும்பிவிட்டது.

"எடுத்துக்கோ சித்தி. உனக்கு ஏது தீட்டு? நீ எங்க பங்காளியா?" என்று நான் பெரிய மனுஷி மாதிரி கேட்டேன்.

"வேணாம் கண்ணு. உங்க வீட்டு சாமி அது. நான் கை வச்சு இன்னொண்ணு ஆச்சுன்னா? ஏற்கெனவே ஒருத்தரை முழுங்கினவன்னு பேரு வாங்கியாச்சு. உங்கப்பாவும் போன எடத்துல நல்லபடியா இருக்கணும்ல. அக்கா வரட்டும்."

மறுநாள் எதிர் வீட்டுக்கு அம்மா போன் செய்தாள். "சித்தி மாத்திரை போடறாளா?" என்றாள். வாசலில் நின்ற சித்தி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள். நான் "போடறாங்கம்மா" என்றேன். என் ஆயுசில் நான் சொன்ன பொய்களில் இன்றும் கனக்கிற பொய் அதுதான். பாரதம் படித்தாலும் ராமாயணம் படித்தாலும், பொய் சொல்லும் இடம் வந்தால் எனக்கு அந்தப் போன்தான் ஞாபகம் வரும்.

ஐந்தாம் நாள் ராத்திரி அம்மா மட்டும் திரும்பிவந்தாள். சாவு வீட்டிலிருந்து வருகிறவர்கள் குளிக்காமல் உள்ளே வரக்கூடாது என்பதால், குழாயடியில் பையை வைத்துவிட்டு, சித்தி எடுத்துத் தரும் வாளிக்காகக் காத்திருந்தாள். ரேடியோவில் எட்டு மணிச் செய்தி தொடங்கியது. அம்மா உள் பக்கம் காதைக் கொடுத்தபடி இருந்தாள். சத்தம் வரவில்லை.

"செல்வி, எட்டாச்சு."

சித்தி வாளியோடு வாசற்படியில் அப்படியே நின்றாள்.

"காது கேக்கலயா? டப்பா எங்கடி?"

இனிமேல் அடக்க என்னால் முடியவில்லை. "அம்மா, அது சாமிகிட்ட இருக்கும்மா. நீ போன நாள்லேர்ந்து சித்தி போடவே இல்லம்மா. நான் போன்ல பொய் சொல்லிட்டேன்" என்று ஓவென்று அழுதேன்.

அம்மா குளிக்கவில்லை. காலைக்கூட அலம்பவில்லை. அமாவாசைக்கு ஒரு நேரம், சஷ்டிக்கு ஒரு நேரம் என்று பட்டினி கிடக்கிறவள், வாசல் தாண்டிக் காக்கை எச்சம் விழுந்தாலே மறுபடி தலைமுழுகுகிறவள், சாவு வீட்டுப் புடவையோடு நேராக உள்ளே போய் அந்த வேட்டியை ஒரே இழுப்பில் இழுத்தாள். ஆணி பிடுங்கிக்கொண்டு வந்தது. டப்பாவைத் திறந்து மாத்திரையை எடுத்துச் சித்தியின் வாயிலேயே போட்டாள்.

"முழுங்குடி. முழுங்கு முதல்ல."

"அக்கா, தீட்டுக்கா..."

"தீட்டு என்னோட போகட்டும். என் சாமி, நான் கேட்டுக்கறேன். நீ செத்தா அந்தத் தீட்டை நான் எத்தனை நாள்டி காப்பேன்?"

அப்புறம்தான் தரையில் விழுந்து, "முருகா, கட்டினது நான், மறந்ததும் நான். என்னை என்ன வேணா பண்ணு, இவளை விட்டுடு" என்று நெற்றியை மோதிக்கொண்டாள். சித்தி அவளைத் தூக்கிவிட்டாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுததை, சித்தி கீழே வைத்துவிட்ட வாளியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையிலேயே மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆலோசனை சொல்லும் மேடம் கன்னடத்துக்காரர். மாதாமாதம் சித்தியைப் பார்த்ததும் "மாத்ரே தகொண்ட்ரா?" என்றுதான் கேட்பார், மாத்திரை போட்டீர்களா என்று. டப்பாவைத் தட்டில் கவிழ்த்து, ஸ்கேலால் இரண்டிரண்டாக ஒதுக்கி மிச்சத்தை எண்ணுவார். அன்றைக்கு ஒன்பது அதிகமாக இருந்தது. அவர் முகம் மாறியது. டாக்டரிடம் கூட்டிப்போனார்.

டாக்டர் கத்தவில்லை. அதுதான் எங்களை இன்னும் பயமுறுத்தியது. தமிழிலேயே சொன்னார்: "அம்மா, ஆரம்ப காலத்துல ஒரே ஒரு மருந்துதான் கண்டுபிடிச்சிருந்தாங்க. அதைக் கொடுத்தாங்க, கொஞ்ச நாள் நல்லாவும் இருந்தாங்க. ஆனா இந்தக் கிருமி சும்மா இருக்காது, தன்னையே மாத்திக்கிட்டு அந்த மருந்துக்குப் பழகிடுச்சு. ரெண்டு சேத்துக் கொடுத்தாங்க, அதுக்கும் பழகிச்சு. மூணு ஒண்ணா கொடுத்தப்பதான் அதால தப்பிக்க முடியல. இப்ப நீங்க மூணையும் திடீர்னு நிறுத்திட்டீங்க. அதுல ரெண்டு சீக்கிரம் ரத்தத்தைவிட்டுப் போயிடும். ஒண்ணு மட்டும் இன்னும் பல நாள் தனியா நிக்கும். தனியா நிக்கிற அந்த ஒண்ணுகிட்ட கிருமி பழகிக்கும். பழகிட்டா, இந்த மாத்திரை உங்களுக்கு வேலை செய்யாது."

"வேற மாத்திரை இல்லீங்களா சார்?" என்றாள் அம்மா.

"இப்ப இங்க கொடுக்க இல்லம்மா. விடாம போடுங்க. ஆறு மாசம் கழிச்சு ரத்தம் பாத்தா தெரிஞ்சிடும்."

அந்த ஆறு மாதமும் எங்கள் வீட்டில் யாரும் உரக்கச் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. டப்பா மறுபடி சாமி அலமாரிக்குப் போகவில்லை. சித்தி கார்மென்ட்ஸில் மிஞ்சிய கோடுபோட்ட சட்டைத் துணியில் ஒரு சுருக்குப் பை தைத்தாள், அம்மா அதைச் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே ஓர் ஆணியில் மாட்டினாள். சாமிக்குத் தீட்டு வந்தால் சாமி பொறுத்துக்கொள்ளும், மாத்திரை பொறுக்காது என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தி வாய்க்குள் போட்டு விழுங்கும்வரை நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். யாரும் சொல்லவில்லை, நானே எடுத்துக்கொண்ட பிராயச்சித்தம்.

ஆறு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனைச் சீட்டை டாக்டர் புரட்டினார். அம்மாவால் பொறுக்க முடியவில்லை. "சார், மூணு பேரும் இருக்காங்களா?"

டாக்டர் விழித்தார். "எந்த மூணு பேரும்மா?"

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அத்தனை மாதத்துக்கு அப்புறம் அவள் சிரித்தது அங்கேதான். எதிர்ப்புச் சக்தியின் கணக்கு போன தடவையைவிட மேலே ஏறியிருந்தது. "இருக்காங்கம்மா, எல்லாரும் இருக்காங்க" என்று டாக்டரும் ஒரு வழியாகப் புரிந்துகொண்டு சொன்னார்.

அதற்குப் பிறகு எத்தனையோ மாறிவிட்டது. கால் எரியவைத்த மருந்தை நிறுத்தி வேறு கொடுத்தார்கள். பிற்பாடு இரண்டு வேளை ஒரு வேளை ஆனது. ரத்தத்தில் கிருமி இருக்கிறது, ஆனால் சோதனையில் அகப்படாத அளவுக்குக் குறைந்துவிட்டது, இந்த நிலையில் தாம்பத்தியத்தில்கூட அடுத்தவருக்குப் பரவாது என்று ஒரு நாள் சொன்னார்கள். "அப்ப அது சாமி மாதிரிக்கா. இருக்கு, கண்ணுக்குத் தெரியல" என்று சித்தி சொல்ல, "வாயை அலம்புடி" என்று அம்மா அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

போன வருஷம் அம்மா போய்ச் சேர்ந்தாள். அந்தச் சாயங்காலம் ஹால் முழுக்க உறவுக்காரர்கள், நடுவில் அம்மா. சித்தி அவள் தலைமாட்டை விட்டு நகரவில்லை, அழக்கூட இல்லை. நான் சாமி அலமாரிக்குத் திரை கட்டிவிட்டுத் திரும்பியபோது கடிகாரம் எட்டு காட்டியது. ஆணியிலிருந்து பையை எடுத்தேன், ஒரு மாத்திரையும் தண்ணீரும் கொண்டுபோய்ச் சித்தியிடம் நீட்டினேன்.

"பொணத்தை வச்சுக்கிட்டு இப்ப என்ன மாத்திரை, அப்பறம் போட்டுக்கக் கூடாதா?" என்று யாரோ ஒரு பெரியம்மா முணுமுணுத்தாள்.

சித்தி நிமிர்ந்து பார்த்தாள். "எங்கக்கா வச்ச நேரம் பெரியம்மா இது" என்று சொல்லி, அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.

அந்த வட்டாரத்தை இடித்து இப்போது பி.ஜி. ஹாஸ்டல் கட்டிவிட்டார்கள். குழாயடி இல்லை, அந்தச் சாமி அலமாரி இல்லை, கால் எரிச்சல் இல்லை, காலை எட்டு மணிச் சத்தமும் இல்லை. இப்போது என் வீட்டில் எங்களோடு இருக்கும் சித்தி, ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே மெட்ரோவில் போய்வருகிறாள். அந்த நாளைய மாத்திரையால் ஒட்டிப்போன கன்னம் மட்டும் அப்படியே இருக்கிறது. நான் தினமும் விளக்கேற்றும்போது என் வீட்டாருக்கு வேண்டிக்கொண்ட பிறகு, எந்தத் தேசத்திலோ உட்கார்ந்து இந்த மருந்தைத் தேடிய முகம் தெரியாதவர்களுக்கும், ஒற்றை மருந்தை நம்பி விழுங்கி, பிழைக்காமலே போய், மூன்று வேண்டும் என்று உலகத்துக்குத் தெரியவைத்த அந்த முதல் ஆட்களுக்கும் ஒரு கும்பிடு போடுகிறேன்.

ராத்திரி எட்டு மணிக்குச் சித்தி இன்றும் அந்தக் கோடுபோட்ட பையிலிருந்து டப்பாவை எடுத்து, திறப்பதற்கு முன்னால் ஒரு தரம் குலுக்குகிறாள். எதற்கு என்று என் மகள் கேட்டாள்.

"உங்க பாட்டிக்குக் கேக்கணும்ல" என்றாள் சித்தி.