முன்னால் நின்றவருக்குத் தராத பந்து

ராசப்பன் செவ்வாய்க்கிழமை காலை வீட்டில் காலமானார். செய்தியை உறுதிசெய்தவர் அவருடைய தம்பி மாணிக்கம். தொலைபேசியில் அவர் சொன்னது இது: "அண்ணன் போயிட்டாருங்க. பேப்பர்ல போடுறப்ப ஃபுட்பால் கேப்டன்னு போடுங்க." அந்தப் பதவி ராசப்பனிடமிருந்து போனதில் எனக்குப் பங்கு உண்டு. அவரை அறிந்த உங்களிடம் அதைச் சொல்ல வேண்டியவன் நான்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ராசப்பன் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டினார். மாலையில், ஃபேரர் பார்க் திடலில் ஆடிய துறைமுகத் தமிழர்களின் கால்பந்து அணிக்குத் தலைவர். அவர் ஓட்டத்தைப் பார்த்த வெள்ளைக்கார அதிகாரிகள் தங்கள் ரக்பி அணியிலும் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பதினைந்து பேரில் தமிழர் அவர் ஒருவர்தான்.

பாடாங் திடலில் ராணுவ அணியுடன் அவர்கள் ஆடிய ஓர் ஆட்டத்துக்குச் செய்தி எழுத என்னைப் பத்திரிகையிலிருந்து அனுப்பினார்கள். நான் கால்பந்து மட்டுமே தெரிந்தவன். கடைசி நிமிடங்களில் ராசப்பன் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். அவருக்கு முன்னால், எதிரணியின் இறுதிக் கோட்டுக்கு அருகில், சக ஆட்டக்காரர் ஒருவர் தனியாக நின்றார். இருவர் மறித்ததும் ராசப்பன் பந்தைப் பின்னால் எறிந்தார். பின்னால் வந்தவர் அதை நழுவவிட்டார். அணி தோற்றது. "முன்னால் நின்றவருக்குத் தராமல், பயந்து பின்னால் எறிந்தார்" என்று எழுதினேன். ரக்பியில் பந்தைக் கையால் முன்னோக்கிக் கொடுக்கக் கூடாது. அந்த அடிப்படை விதியை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

மறுநாள் சிராங்கூன் சாலைத் தேநீர்க்கடையில் ராசப்பன் எனக்காகக் காத்திருந்தார். என் செய்தி வந்த பத்திரிகையைக் கசக்கிச் சுருட்டி, கயிற்றால் கட்டி, முட்டை வடிவில் ஒரு பந்து செய்து வைத்திருந்தார். என்னைத் தமக்கு முன்னால் நிறுத்தினார்.

"இப்ப உங்களுக்குக் கொடுத்தா ரெஃப்ரி விசில் ஊதிடுவாரு. என் பின்னாடி வாங்க அண்ணே."

போனேன். திரும்பிப் பார்க்காமலே எறிந்தார். பந்து சரியாக என் கைக்கு வந்தது.

"ஃபுட்பால்ல பந்தை முன்னாடி விட்டுட்டு நாம துரத்துறோம். இதுல நாம முன்னாடி ஓடி, பந்தைப் பின்னாடி கொடுக்கிறோம். அங்க கோல் கம்பிக்கு மேல அடிச்சா திட்டுவீங்க, இங்க கைதட்டுவாங்க. இது வேற ஆட்டம் அண்ணே."

தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த காதர் பாய் குரல் கொடுத்தார்: "ராசப்பா, பேப்பர்காரரை இடிச்சுத் தள்ளிடாத லா. அதையும் தப்பா எழுதிடுவாரு!" கடையே சிரித்தது. ராசப்பனும் சிரித்தார்.

அவரிடம் சொல்லிவிட்டு, அன்றே நாலு வரியில் திருத்தம் எழுதிக் கொடுத்தேன். "முடிஞ்ச ஆட்டத்துக்கு இப்ப என்னய்யா?" என்றார் அப்போதைய ஆசிரியர். நான் வற்புறுத்தவில்லை. "அண்ணே, நாலு வரி வந்துடுச்சா?" என்று ராசப்பன் இரண்டு முறை கேட்டார். அடுத்த முறை பார்த்தபோது என் உடல்நலத்தை மட்டும் விசாரித்தார்.

கால்பந்து அணியின் ஆண்டுக் கூட்டத்தில் ஒருவர் என் செய்தியை உரக்க வாசித்து, "பயந்தவன் கையில டீமைக் கொடுக்கலாமா?" என்று கேட்டார். ராசப்பன் எழுந்தார்.

"ரூலே அப்படித்தாங்க."

"பேப்பர்ல போட்டிருக்கே!"

ராசப்பன் என்னைப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். செய்தியாளர் கூட்டத்தில் பேசுவதில்லை என்பது எங்கள் வழக்கம். அன்று அந்த வழக்கத்துக்குள் ஒளிந்துகொண்டேன். தலைமை வேறொருவருக்குப் போனது, திரும்பி வரவேயில்லை. ராசப்பன் அறுபதுகள் வரை அதே அணியில் பின்வரிசையில் ஆடினார்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு குரல்: "என் பின்னாடி வாங்க அண்ணே." தெரியாத ஆட்டத்துக்குப் போனால் இன்றும் முதலில் ஆட்டக்காரர் ஒருவரைத் தேடிப்பிடித்து விதியைக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த நாலு வரித் திருத்தம் சனிக்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் வரும். இப்போதைய ஆசிரியர் ஒப்புக்கொண்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, ஆண்டுக் கூட்டம் நடந்த அதே மண்டபத்தில் இரங்கல் கூட்டம். அங்கே எழுந்து நின்று அதை வாசிக்க அனுமதி கேட்டிருக்கிறேன். செயற்குழுவைக் கலந்து வெள்ளிக்கிழமை பதில் சொல்வதாக அணியின் செயலாளர் தெரிவித்திருக்கிறார்.